ரொம்ப நாளா ஆளையே காணோமே

பெரம்பலூர்
6.7.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன்; இதை எழுதுகிற கையும் நன்றாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமையே எழுத உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தால் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். இன்றைக்குப் பதினேழாவது நாள். எழுத்து கோணலாக இருந்தாலும் கோட்டை விட்டு ஓடவில்லை, பார்த்தாயா?

நீ பணம் கட்டிச் சேர்த்துவிட்டு அன்றைக்கே விமானம் ஏறிவிட்டாய். குடியை மறக்கடிக்கிற இந்த இல்லத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். சிறுவாச்சூர் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ராத்திரி பகல் லாரி சத்தம் கேட்கும், லாரி தெரியாது. வார்டன் பெரியசாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் விசில் அடித்துத்தான் எழுப்புவார். மொத்தம் நூறு நாள். போன் கிடையாது. கடிதம் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

துணைக்கு ஆள் இருக்கிறது. வங்காளத்தில் நான் வேலை பார்த்த துர்காபூர் சிமெண்ட் ஆலையில் எங்கள் கூட்டத்தில் காசிநாதன் அண்ணன் என்று ஒரு பிட்டர் இருந்தார், அரியலூர்க்காரர். உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் இங்கேதான். எனக்கு இருபத்தெட்டு நாள் முன்னால் வந்தவர். பக்கத்துக் கட்டில். முதல் வாரம் நான் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியபோதெல்லாம் எழுந்து வந்து சுவரைத் துண்டால் துடைத்துவிட்டுப் போவாராம். பூச்சி இல்லை என்று சொல்லவே இல்லையாம்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் போன்களை எல்லாம் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து அவசரம் என்றால் தெரிய வேண்டும் என்று பெரியசாமி சார் அணைக்காமல் சார்ஜ் போட்டு வைக்கிறார். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்து, “கலை, ஒங்க அக்கா மெசேஜ் போட்ருக்காங்கப்பா, சாப்ட்டியான்னு கேட்டுருக்காங்க” என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு ஒரு கை கூடவே இறங்கியது.

சாயங்காலம் கெஞ்சிக் கேட்டுத் திரையை மட்டும் பார்த்தேன். “கலை, சாப்டாச்சா? ரொம்ப நாளா ஆளையே காணோமே!” என்று இருந்தது. நீ இல்லை அக்கா. உங்கள் கம்பெனி. கீழே பிராந்தி பாட்டில் படம் போட்டு, வீட்டுக்கே கொண்டுவருகிறோம், பாதி விலை என்று இருந்தது. காசி அண்ணன் போனுக்கும் அதே செய்தி, பெயர் மட்டும் வேறு.

நீதானே அங்கே எல்லாவற்றுக்கும் தலைமை? என் நம்பரை எடுத்துவிடு. உன்னைக் குறை சொல்லவில்லை. உங்கள் கம்பெனி வருவதற்கு முன்பே ஜெயங்கொண்டத்தில் கடை வாசலில் நின்றவன்தான் நான். ஆனால் வெளியே வந்ததும் கையில் வாங்கப் போகிற முதல் பொருள் அந்த போன்தான்.

உன் தம்பி,
கலை


கொல்கத்தா
14.7.2025

என் கலைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் லிப்டில் நின்றே படித்தேன். என் மாடி வந்து, கதவு திறந்து, மூடி, மறுபடி கீழே போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் உன் கையெழுத்துக்கு வாத்தியார் பரிசு கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கோணல் எழுத்து எனக்கு அதைவிட அழகு.

இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை. சமைக்க நேரமில்லாமல் ரொட்டியும் முட்டையுமாக ஓடுகிறது. பொறுப்பு ஏற்று ஒன்பது மாதம் ஆகிறது. எனக்குக் கீழே நாற்பத்து மூன்று பேர். காலையில் போனால் கடைசி ஆளாகத்தான் வெளியே வருகிறேன். அம்மா போன் செய்தால் மீட்டிங், மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். “அப்புடி என்னாடி அரிசி பருப்பு விக்கிறதுல மீட்டிங்கு?” என்று கேட்கிறது. மளிகைச் சாமான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. நீயும் துர்காபூரில்தான் இருக்கிறாய் என்று அதன் நினைப்பு. தப்பித் தவறி உளறிவிடாதே. ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் மகன் படுத்திருக்கிறான் என்று தெரிந்தால் தா.பழூரிலிருந்து நடந்தே வந்துவிடும்.

செய்தி விஷயம். அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. ஒருவர் பதினைந்து நாள் எதுவும் வாங்கவில்லை என்றால் அவர் பெயர் தானாக ஒரு பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களை அவரவர் தாய்மொழியில் கூப்பிட ஓர் ஏற்பாடு. முன்னால் அதிகம் வாங்கியவர்களை அதிகம் கூப்பிடும். ஆள் யார், எங்கே இருக்கிறார், ஏன் வாங்கவில்லை, எதுவும் அதற்குத் தெரியாது. அது வெறும் மெஷின், கலை.

உன் எண்ணை இன்று காலை நானே எடுத்துவிட்டேன். இனி வராது.

வேளைக்குச் சாப்பிடு. மாத்திரையைத் துப்பாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
27.7.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது போலவே நின்றுவிட்டது. பத்து நாளாக என் போன் அலமாரியில் செத்தது மாதிரி கிடக்கிறது என்று பெரியசாமி சார் சொன்னார். நான்கு கிலோ கூடியிருக்கிறேன். மாத்திரையைத் துப்புவதில்லை. கிச்சனில் காய் நறுக்க விட்டிருக்கிறார்கள், கத்தியோடு நம்பி.

காசி அண்ணனைப் பார்க்க அவர் மனைவி சிந்தாமணி அக்கா இன்று வந்திருந்தார். எட்டாவது படிக்கிற மகள் தமிழ்மொழியும் வந்தாள். அப்பா பக்கத்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். போகிற நேரத்தில் மட்டும், “வூட்டுக்கு வந்தா பழையபடி கத்துவியாப்பா?” என்று கேட்டாள். அவர்கள் பஸ் ஏறின பிறகு அண்ணன் என்னிடம் வந்தார்.

“தம்பி, ஒங்க அக்காவுக்கு ஒரு வரி எழுது. என் நம்பரையும் சேத்து எடுக்கச் சொல்லு.”

“நீங்க வெளில போயி நீங்களே எடுத்துக்கலாமேண்ணே.”

“எடுக்கறதுக்கு அதைத் தொறக்கணும்ல? தொறந்துட்டு சும்மா மூடுற ஆளா நானு? கடைன்னா அந்தத் தெருவுல போவாம சுத்திப் போயிடுவேன் கலை. இது சட்டப் பையிலயே இருக்குடா. எந்தத் தெருவால சுத்துறது?”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த வைரக்கண்ணு தன் நம்பரையும் சொன்னான். அப்புறம் ரஞ்சித்குமார். கடைசியில் ஆறு பேர் ஆனார்கள். எல்லாருமே வடக்கே ஆலை வேலைக்கும் ரோட்டு வேலைக்கும் போய், உங்கள் கம்பெனியில் வாங்கிப் பழகியவர்கள். தனித்தாளில் பெயரும் நம்பரும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பெயர் காசி அண்ணனுடையது. அவர்தான் முதலில் வெளியே போகிறார், ஆகஸ்டு 31.

உன்னால் ஆகிற காரியம்தானே? என்னுடையதை ஒரே காலையில் செய்துவிட்டாயே. உன்னைப் பற்றி இங்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பூமாலை மகள் நாற்பத்து மூன்று பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உன் தம்பி,
கலை


கொல்கத்தா
9.8.2025

என் கலைக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. துர்கா பூஜை விற்பனைக்கு இப்போதே தயாராகிறோம். வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் கம்பெனிக்கு எல்லாம். சுவரில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். பிரிந்து போன வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். மேசையிலேயே சாப்பிட்டு, கைகழுவப் போகும்போதும் அதையே பார்த்துக்கொண்டு போகிறோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இந்தப் பூஜை நல்லபடி முடிந்தால் நிர்வாகக் குழுவில் உனக்கு ஒரு நாற்காலி உண்டு என்றார். நம் ஊரிலிருந்து வந்த ஒருத்திக்கு! உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

நீ அனுப்பிய தாள் வந்தது. ஆறு பேர் விஷயத்தையும் பார்த்தாகிவிட்டது. நிம்மதியாக இருக்கச் சொல்.

ஆனால் இனிமேல் இப்படிப் பட்டியல் அனுப்பாதே, கலை. இது கடிதம், ஆபீஸ் முகவரிக்கு வருகிறது, யாராவது பிரித்துவிட்டால் எனக்குக் கேள்வி வரும். அந்தத் தாளைப் பற்றி அங்கேயும் யாரிடமும் பேச வேண்டாம். இனி வீட்டு முகவரிக்கு எழுது, உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அந்தக் குழந்தை கேட்டதை எழுதியிருந்தாய். அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செப்டம்பர் 28 காலை நான் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். இரண்டு பேருமாக அம்மா முன்னால் போய் நிற்போம். டிக்கெட் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அக்கா


பெரம்பலூர்
31.8.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

காசி அண்ணன் இன்று காலை கிளம்பிப் போனார். அவர் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கப் பிடிக்கவில்லை.

நேற்று அவருக்கு நூறாவது நாள். கேசரி செய்தோம். எல்லாரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அவர் எழுந்து நின்று, “நான் பேசுனா அழுதுடுவேன், கேசரி ஆறிடும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இன்று காலையில் சிந்தாமணி அக்காவும் மகளும் வந்து அழைத்துப் போனார்கள். கேட்டைத் தாண்டியதும் தமிழ்மொழி அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன்.

போவதற்கு முன்னால் ஆபீசில் போனை வாங்கினார். வாங்கியதும் பின்மூடியைக் கழற்றினார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“இந்த சிம்மை ஒடச்சுப் போட்டுட்டு வேற வாங்கிக்கிறேன் தம்பி. அதான் நல்லது.”

“எதுக்குண்ணே? கான்ட்ராக்டர்கிட்ட, பசங்ககிட்ட எல்லார்கிட்டயும் இந்த நம்பர்தான இருக்கு? எங்க அக்காதான் எடுத்துட்டாங்களே. பயப்படாமப் போங்க.”

கொஞ்ச நேரம் சிம்மைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பப் போட்டு மூடிவிட்டார். “ஒன்ன நம்பித்தான்டா” என்றார். உன்னைக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னார்.

கான்ட்ராக்டர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டாராம். துர்காபூரில் 8ஆம் தேதி சூளையை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். இருபது நாள் வேலை. நான் இன்னும் ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டுப் போகலாமே என்றேன். வீட்டில் சும்மா இருந்தால்தான் புத்தி கெட்டுப்போகும் என்றார். வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறார்.

எனக்கு இன்னும் இருபத்தெட்டு நாள்.

உன் தம்பி,
கலை


கொல்கத்தா
6.9.2025

கலை,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. காசிநாதன் அண்ணன் வேறு நம்பர் வாங்கிக்கொள்வதுதான் நல்லது. எப்படியாவது அவருக்குச் சொல்லிவிடு. பெரியசாமி சாரிடம் சொல்லி போன் செய்யச் சொல். பழைய சிம்மை அவர் பயன்படுத்தவே வேண்டாம்.

ஏன் என்று கேட்காதே. கம்ப்யூட்டர் விஷயம், சில சமயம் முழுதாகப் போகாமல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செய்.

அக்கா


பெரம்பலூர்
20.9.2025, சனி

அக்கா,

உன் கடிதம் 11ஆம் தேதி வந்தது. அன்று மத்தியானமே பெரியசாமி சாரைக் கையைப் பிடித்துக் கேட்டு போன் போட வைத்தேன். காசி அண்ணன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார் சார், பின்னால் மெஷின் சத்தம். “சிம்மை மாத்து காசி” என்று சார் சொன்னதற்கு, “நேத்தும் ஒண்ணு வந்துச்சு சார். அதுக்கு முன்னாடியும் வந்துச்சு. அவன் அக்கா எடுத்துட்டாங்கன்னு கலை சொன்னான். பழசு ஏதும் இப்பதான் வந்து சேருதோ?” என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். பழையதாகத்தான் இருக்கும் அண்ணே, எதற்கும் மாற்றிவிடுங்கள் என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு, டவுனுக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு விடவில்லையாம். வேலை பாக்கி என்று எல்லாரையும் ஏற்றியிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குச் சூளைக் கோபுரத்துச் சாரத்தின் நாலாவது தட்டிலிருந்து விழுந்துவிட்டார். பெல்ட் மாட்டவில்லை. கீழே வந்து சேரும்போதே உயிர் இல்லை. வாயில் வாசனை இருந்ததாம். குடித்துவிட்டு ஏறினான் என்று ஒரு தாளில் எழுதி, கூட இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, வேலையைத் தொடர்ந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை உடல் அரியலூருக்கு வந்தது. எங்களுக்குத் தெரியாது.

நேற்று சிந்தாமணி அக்கா இங்கே வந்தார். தனியாக வந்தார். ஆபீசில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. என்னைக் கூப்பிடச் சொல்லி, அண்ணனுடைய போனை என் கையில் கொடுத்தார்.

“தம்பி, நம்பரை எடுத்தாச்சுன்னு நீதான சொன்ன?”

“ஆமாக்கா.”

“அப்ப இது என்னான்னு படி. எனக்குப் பெயர் மட்டுந்தான் படிக்கத் தெரிஞ்சுது.”

படித்தேன். மொத்தம் பதினோரு செய்தி. ஊருக்கு வந்த அன்றே ஒன்று. துர்காபூரில் இறங்கியதும் மூன்று. “காசிநாதன், சாப்டாச்சா? ரொம்ப நாளா ஆளையே காணோமே!” கடைசியாக 13ஆம் தேதி வந்ததில், திரும்பி வருபவருக்கு முதல் பாட்டில் இலவசம், இருபது நிமிடத்தில் உங்கள் வாசலில் என்று இருந்தது.

நான் படித்து முடித்ததும் போனை வாங்கி முந்தானையில் துடைத்தார். “சிம்மை ஒடைக்கப் போனவரு. தமிழ் பாத்துக்கிட்டுதான் நின்னா. நீதான வேணாம்ன?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்கா, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தத் தாளில் இருந்த ஆறு நம்பரை நீ எடுத்தாயா, இல்லையா? மெஷின் என்று எழுதாதே. ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எழுதாதே. எடுத்தேன், எடுக்கவில்லை. இரண்டில் ஒன்று.

கலை


கொல்கத்தா
25.9.2025

கலை,

எடுக்கவில்லை.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

உன் எண்ணை எடுப்பது சுலபமாக இருந்தது. ஒரே ஒரு பெயர், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆறு பெயர் என்றால் பதிவில் தெரியும், காரணம் எழுத வேண்டும். அதனால் முதலாளியிடமே போனேன். குடியை விட்டவர்கள் சிலர் நம் பட்டியலில் இருக்கிறார்கள், அப்படிப்பட்டவர்களை விலக்க ஒரு வழி வைக்கலாம் என்றேன். பெயர் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். “யார் குடியை விட்டவர் என்று நமக்குத் தெரியாது, வெற்றி. தெரிந்துகொண்டால் நாளைக்கு நாம்தான் பொறுப்பு. தெரியாமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. அதிகம் வாங்கியவர்களை விலக்கினால் பூஜைக்கு யாரைக் கூப்பிடுவது?” என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அதற்கு மறுநாள்தான் பார்த்தாகிவிட்டது என்று உனக்கு எழுதினேன். பார்த்தேன் என்பது உண்மைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. அவரவர் தாய்மொழியில், வீட்டு மனுஷர் பேசுவது போல் கூப்பிட்டால் வருவார்கள் என்ற யோசனை என்னுடையது. மற்ற மொழிகளுக்கு ஆள் வைத்து எழுதினோம். தமிழுக்கு நானே எழுதினேன். போன் எடுத்தால் அம்மா என்னிடம் முதலில் கேட்பது எதுவோ, அதைத்தான் எழுதினேன். சோதித்துப் பார்த்ததில் எல்லா மொழிகளையும்விட அந்த வரிக்குத்தான் அதிகம் பேர் திரும்பி வந்தார்கள். கைதட்டினார்கள், கலை.

உன் ஆகஸ்டு மாதக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. காசிநாதன் அண்ணன் எண் என் கண் முன்னால் இருந்தது. இந்த மாதம் 9ஆம் தேதி அவரைக் கூப்பிட்டேன். “அலோ, யாருங்க பேசறது?” என்றார். யார் என்று சொல்வது? வைத்துவிட்டேன். திரும்ப அவரே கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அவர் போனில் நடந்தது எல்லாம் எங்களிடம் பதிவாக இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். துர்காபூர் போனதிலிருந்து ஒன்பது தடவை எங்கள் செய்தியைத் திறந்திருக்கிறார், ஒன்பது தடவையும் ஒன்றும் வாங்காமல் மூடியிருக்கிறார். பத்தாவது தடவை, 13ஆம் தேதி சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, மூடவில்லை. அவர் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ‘திரும்பி வந்தவர்’ என்று இருக்கிறது. சுவரில் இருந்த எண்ணில் அன்றைக்கு அவரும் ஒன்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே கைகழுவப் போயிருப்பேன்.

28ஆம் தேதி வருகிறேன் என்றேன். பூஜை விற்பனையால் வர முடியவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். சிந்தாமணி அக்கா இருக்கிற ஜில்லாவுக்குள் பஸ்ஸில் வர எனக்குத் துணிச்சல் இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன். பூஜை முடியட்டும், விட்டுவிடுகிறேன்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. எனக்காக இது ஒன்றைச் செய். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

உன் அக்கா,
வெற்றிச்செல்வி


தா.பழூர்
5.10.2025, ஞாயிறு

அக்காவுக்கு,

28ஆம் தேதி காலை வெளியே வந்தேன். சாயங்காலம் வரை வாசல் கேட் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பெரியசாமி சார் பஸ் ஏற்றிவிட்டார். உன் கடிதம் மறுநாள்தான் இல்லத்துக்கு வந்தது. சார் போன் செய்து சொன்னார். போய் வாங்கி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தேன். ஊருக்கு வருகிற பஸ் எதிரே நின்றது. அதில் ஏறி, வழியில் அரியலூரிலேயே இறங்கிவிட்டேன்.

சிந்தாமணி அக்கா வீட்டில் தமிழ்மொழி பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பச் சொன்னேன். “இருக்கட்டும், அவளுக்குத் தெரியாம இனிமே என்னா இருக்கு?” என்றார் அக்கா. உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. ‘எடுக்கவில்லை’ என்றபோதும், முதலாளி பேசியதைச் சொன்னபோதும் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அண்ணன் ஒன்பது தடவை திறந்து மூடியதைப் படித்ததும், “நில்லு தம்பி, அதத் திரும்பப் படி” என்றார்.

திரும்பப் படித்தேன்.

“ஒம்பது தடவையா?”

“ஆமாக்கா. ஒம்பது தடவ மூடிருக்காரு.”

“கேட்டியா தமிழு? ஒங்கப்பா ஒம்பது தடவ மூடிருக்காரு” என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் அழுதார். அழுது முடித்துவிட்டுக் கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

கிழிக்கச் சொல்லியிருந்தாய். கிழிக்கவில்லை. குடித்துவிட்டு விழுந்தான் என்று ஒரு தாள் துர்காபூரில் இருக்கிறது. அதற்கு எதிரே வைக்க அவர்களுக்கு வேறு தாள் இல்லை.

வெள்ளிக்கிழமை அவரோடு ஜெயங்கொண்டம் போய் வக்கீல் முத்துசாமியைப் பார்த்தோம். இரண்டு தடவை படித்தார். இந்த எழுத்து யாருடையது என்று உறுதி சொல்ல ஆள் வேண்டும் என்றார். நான் இருக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் தம்பி, கூடப் பிறந்தவர் என்கிறீர்களே என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். நீ எனக்கு எழுதிய மற்ற கடிதங்களையும், உனக்கு அனுப்பிய தாளில் இருந்து நான் எடுத்து வைத்திருந்த அந்த ஆறு பெயரின் நகலையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். மிச்சம் ஐந்து பேருக்கும் இல்லத்துக்கே போய், சிம்மை மாற்றுங்கள், எங்கள் வீட்டு வார்த்தையை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான் இருந்த இடத்தையும், நீ விற்பதையும். அடுப்படியில் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தது. “ரெண்டு பேருமா சேந்து எனக்கு ஒண்ணுந் தெரிய வேணாம்னு வச்சிருந்தீங்க” என்றது. நீ இரண்டு நாளாக அம்மாவைக் கூப்பிடுவது தெரிகிறது. எடுப்பதும் எடுக்காததும் அதன் இஷ்டம், நான் தடுக்கவில்லை.

நான் இங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். துர்காபூர் போகப் போவதில்லை. இன்றைக்கு நூற்றெட்டாவது நாள்.

நீ இல்லையென்றால் அந்த இல்லத்தில் நான் சேர்ந்திருக்க மாட்டேன். ஒரு நம்பரை எடுத்தாய், அதனால் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். அதை வக்கீலிடமும் சொன்னேன், எங்கே கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டில் காலியானதைப் பார்த்தவன் நான். நான்தான் சிம்மை உடைக்க விடாமல் தடுத்தேன். அதையும் சொல்வேன்.

இந்த மாதக் கடைசிக்குள் உன் வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் வரும். சாட்சி என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அதைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது, என் கையால் எழுதித்தான் தெரிய வேண்டும் என்று இதை எழுதினேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் அதையும் வக்கீலிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கலைச்செல்வன்